துவானின் நாக்கு

“இது டீயா, அடுப்பு துடைச்ச துணியா?”

முதல் கிண்ணத்தை உறிஞ்சிய வேகத்திலேயே துவான் பக்கத்துச் சட்டியில் துப்பினார்.

துவானின் நாக்கு லேசுப்பட்டதல்ல. பூஅர் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினால் போதும். எந்த மலை இலை, எந்த மாதம் பறித்தது, கிலோ எத்தனை யுவான் பெறும் என்று சொல்லிவிடும். அந்த நாக்குக்காகவே மனிதர் பதினேழு வருஷமாக மிளகாயைத் தொட்டதில்லை. சீனாவில், மிளகாய் இல்லாமல் சோறு இறங்காத யுன்னானில் பிறந்துவிட்டு இது எவ்வளவு பெரிய தியாகம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அவரே சொல்லுவார்.

புலாங் மலைக் கிராமத்தில் அன்றைக்கு ‘ராஜா மரம்’ போட்டி. துவான்தான் நடுவர். வீட்டுக்கு ஒரு கிண்ணமாக மேஜையில் பதினான்கு கிண்ணங்கள். எந்த வீட்டு டீ ஜெயிக்கிறதோ அந்த வீட்டுப் பழைய மரத்துக்கு ராஜா பட்டம். ஒரு வருஷத்துக்கு மரம், போட்டி நடத்தும் டீக் கம்பெனி வசம். சொந்தக்காரருக்கு மூன்று லட்சம் யுவான். எல்லா வீட்டாரும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டாயிற்று.

இரண்டாவது கிண்ணம் புளித்தது. மூன்றாவதில் மூங்கில் குருத்து ஊறுகாய் வாடை. நாலாவது கருகியே போயிருந்தது.

“யாரோடது இது?”

ஒரு அம்மாள் கையைத் தூக்கினாள்.

“வாணலியில இலையைப் போட்டுட்டுத் தூங்கிட்டியாம்மா?”

“ஆமாங்க வாத்தியாரே, நல்லாத் தூங்கிட்டேன்.”

அவளுக்கு வாயெல்லாம் பல். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

துவானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டு வாங்கியவர்களெல்லாம் பரீட்சையில் பாஸான பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டு போகிறார்கள். சூடு சொரணை கிடையாதா இந்த ஊருக்கு?

“நானூறு வருஷத்து மரத்தை வச்சுக்கிட்டு, டீ வறுக்கத் தெரியலை. இந்த டீயை ஆடுகூட மோந்து பாக்காது” என்று துவான் மைக்கில் சொன்னார்.

கூட்டம் கை தட்டியது.

பதினோராவது கிண்ணத்தை உறிஞ்சியவர் உடனே துப்பவில்லை. லேசாகப் புகை வாடை. அதைத் தள்ளிக்கொண்டு ஒரு கசப்பு வந்தது. கசப்பு போன இடத்தில் தொண்டைவரை இனித்தது. இப்படி ஒரு டீ குடித்து எத்தனை வருஷம் ஆயிற்று.

“இது யாரோடது?”

யாரும் கையைத் தூக்கவில்லை.

“கேக்கறேன்ல?”

கடைசி வரிசையில் அய்தூன் என்கிற விவசாயி எழுந்தார்.

“அதுல புகை அடிக்குதுங்களே வாத்தியாரே. இன்னொரு தடவை குடிச்சுப் பாருங்க.”

“என் நாக்குக்கே பாடம் எடுக்கறியா? மிச்ச மூணு கிண்ணத்தைத் தொடவே வேண்டாம். இதுதான் இந்த வருஷ ராஜா.”

கம்பெனி மேனேஜர் மிஸ் கே சிவப்பு ரிப்பனோடு எழுந்தாள். கேமரா நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது.

அய்தூனின் மனைவி யூகான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அய்தூனின் கையைப் பிடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் விலகினார்கள். எழவு வீட்டில்தான் இப்படிச் செய்வார்கள்.

துவான் மைக்கை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

“மூணு லட்சம் யுவான்யா. எதுக்கு அழறீங்க?”

யூகான் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

“இலையை ஒரு வாரம் அடுப்புக்கு மேல தொங்கவிடுன்னு சொன்னேனே. ஊரே அப்படித்தான செஞ்சுது? ஒரே நாள்ல இறக்கிட்டியே.”

“மனசு கேக்கலடி. அவ்வளவு நல்ல இலை.”

துவான் மேஜைமேல் இருந்த கிண்ணங்களைத் திரும்பிப் பார்த்தார். “வேணும்னேவா கெடுத்தீங்க? எல்லாருமா?”

“சேர மாட்டோம்னு சொன்னா மேலிடத்துல விட மாட்டாங்க. தோத்துட்டா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க” என்றார் அய்தூன். “போன வருஷம் பக்கத்து மலையில ஒரு மரத்தை ராஜான்னு சொன்னீங்களே. அப்புறம் போய்ப் பாத்தீங்களா?”

“மரத்தைப் பாக்கறது என் வேலை இல்லை.”

“வேரைச் சுத்தி சிமென்ட் மேடை கட்டினாங்க. போட்டோ எடுக்க நாள் முழுக்க மேல ஏறினாங்க. மழையிலயும் விடாமப் பறிச்சாங்க. அப்புறம் ஆஸ்பத்திரி மாதிரி சலைன் பாட்டில் கட்டித் தொங்கவிட்டாங்க. இந்த வசந்தத்துல ஒரு துளிர் இல்லை. வெட்டிப் போட்டுட்டாங்க.”

துவான் நேரே மேடைக்குப் போனார்.

“ரிப்பனை உள்ள வைம்மா. முடிவை மாத்தணும்.”

“விளையாடாதீங்க வாத்தியாரே” என்றாள் மிஸ் கே. “ரெண்டு லட்சம் பேர் நேரலையில பாத்தாச்சு. சிமென்ட் லாரியும் கிளம்பியாச்சு. உங்க நாக்கை நம்பித்தான் ஒப்பந்தமே போட்டிருக்கு.”

துவான் பதினோராவது கிண்ணத்தில் மிச்சமிருந்ததைச் சொட்டு விடாமல் குடித்தார். போட்டி மேடையில் அவர் விழுங்கி யாரும் பார்த்ததில்லை. பிறகு மைக்கைப் போட்டு, கேமராவைப் பார்த்து, பலமாக மூக்கை உறிஞ்சினார்.

“எல்லாரும் மன்னிக்கணும். மூணு நாளா எனக்கு ஜலதோஷம். நாக்குல ருசியே தெரியலை.”