வெள்ளிக்கிழமை டெம்பரிங்

"டெம்பரிங்னா என்ன? ஒரே வாக்கியத்துல சொல்லுங்க, மிஸ்டர் ஸ்டானிஃபோர்த்."

கேட்டவர் டாக்டர் க்ரிஸ்பின் தோரல்டு. லண்டன்காரர். எஃகைச் சூடாக்கிப் பதப்படுத்தும் தொழிலில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அதை எங்கே எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று தீர்மானிக்கும் கமிட்டியின் தலைவர். 'டெம்பரிங்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் கமிட்டி பதினான்கு முறை கூடியிருந்தது. அதில் இரண்டு உறுப்பினர்கள் இப்போது ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

உலைக்காரர் வில்ஃப் ஸ்டானிஃபோர்த் கையைத் துடைத்துக்கொண்டார். "பழுக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கின உளி கண்ணாடி மாதிரி ஆயிடும் கண்ணு. ஒரு தட்டு தட்டினா போச்சு. அதுக்கு மறுபடியும் கொஞ்சமா சூடு காட்டி, அந்த முறுக்கை இறக்கணும். அவ்வளவுதான்."

டாக்டரின் மீசை துடித்தது. 'கண்ணு'வுக்கா, 'கொஞ்சமா'வுக்கா என்று தெரியவில்லை. ஷெஃபீல்டில் பாதிரியாரைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பெரில் ஹாலம் முன்பே அவரிடம் சொல்லி வைத்திருக்கலாம்.

பெரில்தான் அந்த உளிப் பட்டறையின் முதலாளி. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடம். டாக்டரின் சான்றிதழ் இன்று கிடைத்தால் கப்பல் கட்டும் தளத்தின் ஆர்டர் வரும். கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் கதவுக்குப் பூட்டு வரும்.

"கொஞ்சமான்னா எத்தனை டிகிரி?"

"எஃகு மேல வைக்கோல் நிறம் வர்ற வரைக்கும்."

"எந்த வைக்கோல்?"

வில்ஃப் யோசித்தார். "நல்ல வைக்கோல்."

டாக்டர் எதையோ எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டார். டெம்பரிங் என்பது குறித்த சூட்டில், குறித்த நேரம், குறையாமல் கூடாமல் வைத்திருந்து, பிறகு காற்றில் ஆறவிடுவது. வைக்கோலுக்கு அதில் வேலையே இல்லை என்று இருபது நிமிடம் விளக்கினார். பிறகு வட்டத் தாள்களைக் கொண்டுவரச் சொன்னார்.

டெம்பரிங் அடுப்பைப் பற்ற வைத்தால், பக்கத்துப் பெட்டியில் ஒரு பேனா தானாகவே வட்டத் தாளில் சூட்டைக் கோடாக வரைந்துகொண்டு போகும். அடுப்பில் நடந்ததற்கு அதுதான் சாட்சி. டாக்டர் அந்த வாரத்துத் தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். திங்கட்கிழமைக் கோடு நடுவில் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. செவ்வாய்க்கிழமையது மூன்று முறை விழுந்தது. புதனையும் வியாழனையும் பற்றி அவர் பேசவே இல்லை.

"நடுவுல கதவைத் திறந்து பாத்திருக்கீங்க."

"பாக்காம எப்படிக் கண்ணு நிறம் தெரியும்?"

மேசை மேல் முந்தின நாள் டெம்பர் ஆன உளிகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றையாவது எடுத்து ஒரு கல்லில் அடித்துப் பாருங்களேன் என்று பெரில் கெஞ்சினாள். தாம் வந்தது சொல்லைப் பார்க்க, உளியைப் பார்க்க அல்ல என்றார் டாக்டர்.

அதற்குள் பகல் சாப்பாட்டு மணி அடித்தது. உளிகளை மெழுகுத் தாளில் சுற்றும் மேவிஸ், கறியும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்து மேலே மாவு மூடிய பெரிய 'பை' ஒன்றைத் துணி போட்டுத் தூக்கி வந்தாள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒரு துண்டு சாப்பிட்டார். பிறகு, எதுவும் சொல்லாமல், இன்னொரு துண்டும் சாப்பிட்டார். மீசையைத் துடைத்துக்கொண்டு கோப்பின் கடைசித் தாளை, அன்றைய வெள்ளிக்கிழமைத் தாளை, எடுத்தார்.

எடுத்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் ஒரு கோடு. இருநூறு டிகிரிக்கு ஏறி, ஐம்பது நிமிடம் மயிரிழைகூட அசையாமல் நின்று, அப்புறம் மெல்ல மெல்ல இறங்கியிருந்தது.

"இதுதான் டெம்பரிங்," என்றார். "பதினாலு கூட்டத்துல நாங்க தேடினது இதுதான்."

வில்ஃப் முகம் வெளிறியது. "அது வந்து கண்ணு, அந்தத் தாள் கோப்புலயே இருக்கக் கூடாது. அது—"

பெரில் அவர் காலை மிதித்தாள்.

அடக்கம் நல்லதுதான், ஆனால் அறிவியலுக்கு அடக்கம் உதவாது என்றார் டாக்டர். சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். கமிட்டி வெளியிடப்போகும் சொற்களஞ்சியத்தில் 'டெம்பரிங்' என்ற சொல்லுக்கு எதிர்ப் பக்கத்தில் இந்தத் தாளையே படமாகப் போடப்போவதாகவும், அதன் கீழே குறிப்பு வேண்டும் என்றும் சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

"எத்தனை உருப்படி?"

"ஒண்ணுதான்," என்றாள் பெரில். "எடை எட்டு ராத்தல்."

"சோதனைக்குத் துண்டு எடுத்தீங்களா?"

"ரெண்டு துண்டு. சோதிச்சவர் இந்தத் துறையில பெரிய நிபுணர். ஒரு குறையும் சொல்லலை."

டாக்டர் 'மிகச் சிறப்பு' என்று எழுதிக்கொண்டு, வில்ஃபின் கையைக் குலுக்கி, தாளைச் சுருட்டாமல் மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

கார் மறைந்த பிறகு பன்னிரண்டு பேரும் தொப்பியை மேலே வீசினார்கள். பெரில் வில்ஃபைக் கட்டிக்கொண்டாள். "ஏன்யா, வெள்ளிக்கிழமைல மட்டும் எப்படி இப்படி ஒரு கோடு வருது?"

"நான் எங்க திறந்து பாக்கறது? மேவிஸ் பூட்டிச் சாவியை எடுத்துக்கறாளே."

கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்த மேவிஸ் திரும்பிப் பார்த்தாள். "பின்ன? நடுவுல அடுப்பைத் திறந்தா, பைக்கு மேல்மாவு அமுங்கிடாதா?"