நகராவுக்கு ஒரு நிமிஷம்

"மறுபடியும் ஷூ கயிறா? கட்டுப்பா, கட்டு! விடியிற வரைக்கும் உட்கார்ந்து கட்டு!"

முகம்மது சுல்தான் கத்தியதில் பந்தலே சிரித்தது. சிரிக்காதவன் அவருடைய மச்சான் ஷேக் அலாவுதீன் ஒருவன்தான். டென்னிஸ் மட்டையைக் கைக்குக் கை மாற்றியபடி, நின்ற இடத்தில் நிற்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான்.

வலைக்கு அந்தப் பக்கம் அய்யாக்கண்ணு சாவகாசமாகக் குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். பிறை ஊரின் ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவன்.

முப்பத்தைந்தாம் வருஷத்துப் பினாங்குப் பட்டத்துக்கான கடைசி ஆட்டம். ஆளுக்கு ஒரு செட் ஜெயித்தாகிவிட்டது. மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஐந்து.

முன்வரிசையில் சிங்கப்பூர் ஏஜெண்ட். ஜெயிக்கிறவனை அவர் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார். ரங்கூன், கொழும்பு, பத்தாவியா என்று ஊர் ஊராகப் போய் ஆடுவதே பிழைப்பு. துறைமுகத்தில் கிராணியாக மூட்டைக் கணக்கு எழுதும் அலாவுதீனுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. ஏஜெண்டுக்கோ காலையில் கப்பல். இருட்டி ஆட்டம் நின்றால் எல்லாம் போச்சு.

தனக்குக் கிடைக்காத சம்பளம் அலாவுதீனுக்கும் கிடைக்கக் கூடாதென்றுதான் அய்யாக்கண்ணு இப்படி இழுக்கிறான் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது.

அதிலும் இது நோன்பு மாதம். பக்கம் மாறும்போதெல்லாம் தட்டில் தண்ணீர் வரும். அலாவுதீன் புறங்கையால் விலக்குவான்.

"பாத்தீங்களா, பச்சைத் தண்ணி பல்லுல படாம ஆடுறாரு!" என்று கூட்டம் உருகும். நேற்றுத் தமிழ்ப் பத்திரிகையில்கூட 'நோன்பு வீரர்' என்று போட்டிருந்தார்கள். அந்தத் துண்டு அவன் சட்டைப்பையிலேயே இருந்தது.

அய்யாக்கண்ணுவும் தண்ணீரைத் தொடவில்லை. 'எனக்குப் போட்டியாகப் பவிசு காட்டுகிறானாக்கும்' என்று அலாவுதீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கயிறு முடிந்தது. பிறகு அய்யாக்கண்ணு மட்டையை மாற்றினான். நடுவர் துரை உயர நாற்காலியிலிருந்து முதல் எச்சரிக்கை கொடுத்தார்.

ஒரு பாயிண்ட் ஆனது. அய்யாக்கண்ணு கையைத் தூக்கினான்.

"துரை, வலை தொங்குற மாதிரி இருக்கு. அளந்து பாக்கணும்."

கோலைக் கொண்டுவந்து அளந்தார்கள். வலை சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது எச்சரிக்கை.

அலாவுதீன் வலையருகே பாய்ந்து வந்தான்.

"ஆட முடியலைன்னா விட்டுட்டுப் போயேன்! எதுக்கு இழுத்தடிக்கிறே?"

"கோவப்படாதீங்கண்ணே. இன்னும் கொஞ்ச நேரந்தான் லா."

"என்ன கொஞ்ச நேரம்?"

அய்யாக்கண்ணு மேற்கே வானத்தைப் பார்த்தான். திருட்டுப் பயல், வெளிச்சத்தை அளக்கிறான்!

அலாவுதீன் பந்தைத் தூக்கிப் போட்டான். அந்த நேரம் பார்த்து நெஞ்சிலிருந்து ஒரு ஏப்பம் கிளம்பியது. அவசரமாக விழுங்கியதில் பந்து வலையில் போய் மோதியது. யாராவது கவனித்தார்களா என்று சுற்றிலும் பார்த்தான்.

"பசி மயக்கம், பாவம்" என்றார் சுல்தான்.

அலாவுதீன் மறுபடி பந்தை எடுப்பதற்குள் அய்யாக்கண்ணு கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"தூசி துரை. ஒரே ஒரு நிமிஷம்..."

துரை நாற்காலியை விட்டு இறங்கியே விட்டார். முகம் சிவந்திருந்தது.

"போதும். ஆட்டம் ஷேக் அலாவுதீனுக்கு!"

பந்தல் அதிர்ந்தது. ஏஜெண்ட் காகிதமும் பேனாவுமாக எழுந்தார். சுல்தான் கோர்ட்டுக்குள்ளேயே ஓடி வந்து மச்சானைக் கட்டிக்கொண்டார்.

"நோன்பாளிய ஏமாத்தப் பாத்தான்! ஆண்டவன் விடுவானா?"

அந்தக் கூச்சலுக்கு நடுவே கப்பித்தான் பள்ளிவாசல் பக்கமிருந்து நகரா முரசு முழங்கியது. நோன்பு திறக்கும் நேரம்.

அய்யாக்கண்ணு தன் பையைத் துழாவி எதையோ எடுத்துக்கொண்டு நேராக அலாவுதீனிடம் வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று சுல்தான் குறுக்கே நின்றார்.

அவன் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். கூடவே பொட்டலத்தில் மூன்று பேரீச்சம்பழம்.

"நோன்பு தெறங்கண்ணே."

அலாவுதீன் விழித்தான்.

"கடைசி செட்டுல உங்க கால் பின்ன ஆரம்பிச்சிருச்சு. பட்டினியா ஆடுற மனுசன ஜெயிச்சு, அந்தச் சம்பளத்துல நான் சோறு தின்னா செரிக்குமா? நகரா அடிச்சிட்டா நீங்க தொண்டைய நனைச்சுக்குவீங்க. அப்புறம் இருக்கிற வெளிச்சத்துல ரெண்டு பேரும் சரிக்குச் சரியா ஆடி முடிச்சிரலாம்னு பாத்தேன். துரை ஒரு நிமிஷம் முந்திக்கிட்டாரு."

சுல்தான் மெல்ல விலகி நின்றார்.

அலாவுதீன் போத்தலை அவன் பக்கமே தள்ளினான். "நீ... நீ மொதல்ல குடி" என்றான்.

"நீங்க தெறந்ததுக்கு அப்புறந்தாண்ணே. நீங்க நோன்பா இருக்கும்போது எதிர்ல நின்னு நான் மட்டும் குடிச்சா நல்லாவா இருக்கும்? நானும் காலையிலேர்ந்து ஒரு வாய் எடுத்துக்கல."

"மிஸ்டர் அலாவுதீன், இங்கே ஒரு கையெழுத்து" என்று ஏஜெண்ட் பேனாவை நீட்டினார்.

அலாவுதீன் பேரீச்சம்பழத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேனாவைப் பார்த்தான். மத்தியானம் இரண்டு மணிக்கு, பந்தலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று மடமடவென்று குடித்த கலர் சோடா மறுபடியும் எதுக்களித்துக்கொண்டு வந்தது.

அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் நோன்பு இருந்த ஆட்டக்காரன் ஒரே ஒருவன்தான். அவன் பெயர் அய்யாக்கண்ணு.