காலி இடத்தில் ஒரு கால்

பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய புருஷோத்தமனுக்குச் சர்க்கரை நோயால் வலது காலை எடுத்துவிட்டார்கள். மருத்துவமனையில் அவர் ஊன்றுகோலுடன் நடப்பதைக் கேமராவில் எடுத்து ஆராய்வது சுமலதாவின் வேலை. உடம்பில் அடையாளப் பொட்டு எதையும் ஒட்டாமலே, கேமராப் படத்தை வைத்துக் கணினி ஆளைத் திரையில் கோடுகளால் வரையும். இல்லாத காலையும் வரைந்தது.

“இது ரெண்டு கால் இருக்கறவங்களையே பாத்துப் பழகினது அண்ணா, உத்தேசமா போட்டுக்குது,” என்றாள்.

“அங்கதாம்மா அரிக்குது,” என்று திரையில் அந்தக் காலைக் காட்டினார்.

மனைவி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார். திரையில் அந்தக் கால் மட்டும் போகவில்லை. சுமலதா கேமராவைத் துடைத்துப் பார்த்தாள். கால் அங்கேயே நின்றது.

அடுத்த வாரம் புருஷோத்தமன் இடது பாதத்தில் சின்னக் கட்டுடன் வந்தார்.

“செருப்பு கடிச்சிடுச்சு, ஒண்ணுமில்ல.”

கணினி அவரை இடுப்பு வரைதான் வரைந்தது. சற்றுத் தள்ளி, காலித் தரையில், இரண்டு கால்கள் சேர்ந்து நின்றன.