மைக் இல்லாத டோலக்

டிவி பாட்டுப் போட்டியில் முதலில் வயலினை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் நாதம் பென்டிரைவில் பதிவாகி இருக்கிறது என்றார்கள். அடுத்து புல்லாங்குழலுக்கும் அதே பதில். மூன்றாவதாக டோலக்கின் மைக் வயரைப் பிடுங்கினார்கள். ஆனால் டிவியில் மேடை வெறுமையாகத் தெரியக் கூடாதென்று அதை அங்கேயே உட்கார வைத்தார்கள். டோலக்கும் மானம் கெட்டு உட்கார்ந்தது.

அன்று தோற்றால் வெளியேற வேண்டிய சுற்று. செண்பகவல்லி என்ற மைனா பாட வந்தது. பயத்தில் சரணத்தை ஒரு தட்டு முன்னதாகவே எடுத்துவிட்டது.

"தம்பி, புள்ள முந்திட்டா. கொஞ்சம் சேர்ந்து போ," என்றது டோலக்.

"எனக்கு நிக்கவும் தெரியாது, ஓடவும் தெரியாதுண்ணே. நீங்க சும்மா தட்டுங்க. கேமராவுல நல்லாத்தான் இருக்கீங்க," என்றது பென்டிரைவ்.

பாடுபவர் முந்தினால் ஒரு தட்டை விழுங்கி அவரோடு சேர்ந்துகொள்வது டோலக்கின் பழக்கம். மைக் இல்லாததை மறந்து அப்படியே செய்தது. பக்கத்தில் நின்ற மைனாவுக்கு மட்டும் அது கேட்டது. அண்ணன் வந்துவிட்டார் என்று நம்பி, கடைசிவரை அதையே பிடித்துக்கொண்டு பாடியது. நடுவர்களுக்கோ பென்டிரைவ் ஒரு பக்கம், மைனா ஒரு பக்கம் போவதுதான் கேட்டது.

பாட்டு முடிந்ததும் மைனா திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "நல்லவேளை, நீங்க இருந்தீங்கண்ணே."

பிடுங்கிப் போட்ட தன் மைக் வயரை டோலக் அப்போதுதான் பார்த்தது.

தொகுப்பாளர் கொக்கு உறையைப் பிரித்தது. கூடியிருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் நிறுத்தி நிதானமாக வாசித்தது: "இந்த வாரம் நம்மை விட்டுப் போறவங்க, செண்பகவல்லி."