உள்ளே நுழைகையில்

அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை முடித்து வெளியேறுபவர்களைப் பார்த்துக் கதிர்வீச்சு அளக்கும் கருவி எப்போதாவது சத்தம் போடும். அன்று வேதவல்லி காலையில் உள்ளே நுழையும்போதே அது அலறியது. பாதுகாப்புப் பிரிவின் சிராஜ் அவளைத் தனியே உட்கார வைத்து, புடவையின் தோள்பகுதியைச் சோதித்தான்.

"மேடம், இது நம்ம இடத்துல உள்ளதே இல்ல. கதிர்வீச்சு உள்ள அயோடின். தைராய்டு கேன்சருக்கு ஆஸ்பத்திரியில குடிக்கக் குடுப்பாங்களே, அது. குடிச்சவங்க வேர்வையில கூட வரும். அளவு கம்மிதான், உங்களுக்குப் பயமில்ல. வீட்ல யாருக்காவது..."

"யாருக்கும் இல்லியே" என்றாள் வேதவல்லி.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் இளநிலா சில நாட்களுக்கு முன் வந்திருந்தாள். வந்ததிலிருந்து தனி அறை, தனித் தட்டு. அம்மா பக்கத்தில் போனாலே எழுந்து நகர்ந்துகொண்டாள். என்ன கோபமோ என்று வேதவல்லி மருகிக்கொண்டிருந்தாள். இன்று வேலைக்குப் புறப்படும்போது பொறுக்கமாட்டாமல் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "விடும்மா, விடு" என்று திமிறிய மகள், பிறகு வியர்வையும் கண்ணீருமாக அப்படியே தோளில் சாய்ந்துவிட்டாள்.

வேதவல்லி மகளைக் கைபேசியில் அழைத்தாள்.

"என்னம்மா, ஆபீஸ் போயிட்டியா?"

"நிலா, அந்த மருந்த என்னிக்குடி குடிச்சே?"

எந்த மருந்து என்று இளநிலா கேட்கவில்லை.