சிபியுவுக்குப் போட்ட சட்டை

“இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். கம்ப்யூட்டர் நிக்கறதுக்கு எது காரணமோ, அது இந்த வீட்டை விட்டு வெளியே போகணும்.”

மருமகள் யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனால் மாமனாருக்குப் புரிந்தது. அவள் சொன்ன அந்த ‘எது’ அவர் மடியில்தான் சுருண்டு படுத்திருந்தது.

பூனைக்குத் துரை என்று பட்டப்பெயர். ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாது. நாலு வேளை மூக்கு முட்டத் தின்னும், வீடு முழுக்க முடி கொட்டும். ஆனாலும் அவர் பேசும்போது பாதியில் எழுந்து போகாத ஒரே ஜீவன் அந்த வீட்டில் அதுதான்.

மருமகளையும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவள். நேற்றும் பாதி வேலையில் கம்ப்யூட்டர் அணைந்து போனது. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்” என்று ஆபீஸிலிருந்து போன். அவள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது மாமனாருக்குக் கேட்டது.

போன மாசம் ரிப்பேர்காரர் வந்து சிபியுவைத் திறந்தபோது ஒரு கை நிறையப் பூனை முடி வந்தது. “இனிமே முடி போகாம பார்த்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மாமனாருக்கு அதே கவலை. துரையை வாசலில் வைத்துத் தினமும் சீவினார். வீட்டைக் கூட்டினார். அதோடு விட்டாரா? வீட்டில் யாரும் இல்லாதபோது தன் பழைய சட்டையைக் கிழித்து, சிபியுவின் பின்பக்கம் இருந்த ஓட்டைகளையெல்லாம் மடித்து மடித்து அடைத்தார். மேலே டேப்பும் ஒட்டினார். இனி ஒரு முடி நுழையட்டும் பார்க்கலாம் என்று அப்போது தைரியமாகத்தான் இருந்தது.

இப்போது அந்தத் தைரியம் போன இடம் தெரியவில்லை. மறுபடி வந்திருந்த ரிப்பேர்காரர் மேஜைக்கு அடியில் குனிந்து பக்கத்து மூடியைக் கழற்றும்போது, மாமனார் துரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மகன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான்.

“உள்ளே சுத்தமா இருக்கே. மருந்துக்குக்கூட ஒரு முடி இல்ல.”

மாமனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “கேட்டுக்கோ துரை” என்று அதன் காதில் முணுமுணுத்தார்.

“அப்புறம் ஏங்க நிக்குது?” என்றான் மகன்.

ரிப்பேர்காரர் பெட்டியை இழுத்துத் திருப்பினார். “அட, இந்தக் காரியத்தை யாருங்க பண்ணது? சூடு வெளியே போற வழிங்க இது. இதை அடைச்சா? மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா நம்மளால ஓட முடியுமா? சூடு தாங்காமதான் தானா அணைஞ்சிருக்கு. பாவம், பூனை மேல தப்பே இல்ல.”

டேப்பைப் பிய்த்துத் துணியை உருவினார். நீலக் கட்டம் போட்ட துணி.

மாமனாருக்கு மருமகள் சொன்னது ஞாபகம் வந்தது. எது காரணமோ அது வெளியே போகணும். துரையாவது நாலு வீடு ஏறிப் பிழைத்துக்கொள்ளும். இந்த வயதில் தான் எங்கே போவது? ஒத்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தார். பயத்தில் உடனே மூடிக்கொண்டார்.

மகன் துணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது அப்பா சட்டையாச்சே.” முகம் கடுகடுக்க அவர் பக்கம் திரும்பினான். “அப்பா...”

“நான்தான் வச்சேன்” என்றாள் மருமகள்.

“நீயா?”

“ஆமா. பழைய துணி மூட்டையில கிடந்தது. முடி போகாம இருக்கட்டும்னு அடைச்சேன். இப்படி ஆகும்னு எனக்கென்ன தெரியும்?”

“படிச்சவ பண்ற வேலையா இது? உன் வேலைக்கு நீயே உலை வச்சுட்டு, வாயில்லா ஜீவனைத் துரத்தப் பார்த்தியே.”

ரிப்பேர்காரர் வேறு சிரித்துவிட்டார். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

மகன் ரிப்பேர்காரரோடு வாசலுக்குப் போனதும் மாமனார் மெல்ல எழுந்து வந்தார். “அம்மாடி, அதை நான்தான்...”

“தெரியும் மாமா. டேப்பை இவ்வளவு கோணலா ஒட்ட இந்த வீட்டுல வேற யாருக்கு வரும்?”

அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டு மூடினாள்.

“எது காரணமோ அது வெளியே போகணும்னு சொன்னேன்ல, போட்டாச்சு. போங்க, நீங்களும் துரையும் சாப்பிடுங்க.”