எங்கள் வீட்டுக்கு மேலே

எங்கள் மகள் தாரிணிக்கு ஒரே ஆண்டில் இரண்டு பெரிய ஃபெலோஷிப்புகள் கிடைத்தன. பூமியின் கிழக்குக் கோடியும் மேற்குக் கோடியும் அவளுக்காக அடித்துக்கொண்டன. எதையும் விட மனமில்லாமல் இரண்டுக்கும் சரியென்று சொல்லிவிட்டு, மாதாமாதம் அங்கும் இங்குமாகப் பறக்கிறாள். விமானம் எங்கள் வீட்டுக்கு மேலேதான் போகும், இறங்காது. நான் மொட்டைமாடியில் நின்று துண்டை ஆட்டிவிட்டு, படுத்த படுக்கையாக இருக்கும் மனைவியிடம் வந்து அளப்பேன்.

"இன்னிக்கு ரொம்பத் தாழ்வா வந்துது குமுதா. நம்ம தென்னமட்டை ரெண்டு முறிஞ்சுபோச்சு! ஜன்னலோரமா உக்காந்து தயிர்சாதம் சாப்பிடறா."

"புளுகாதீங்க. தொட்டுக்க ஊறுகா இருந்துதா?"

"ஜாடியோட!"

சிரித்தவளுக்கு இருமல் வந்து நிற்கவே இல்லை.

"வரச்சொல்லட்டுமா?" என்றேன்.

"சொன்னா ரெண்டையும் போட்டுட்டு ஓடிவந்துடுவா. வாயத் தொறக்காதீங்க. அடுத்த தடவ என்னையும் மேல தூக்கிட்டுப் போங்க."

தூக்கிக்கொண்டு போனேன். வெகு உயரத்தில் கொசு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி நகர்ந்தது. குமுதா ஊசி குத்தியிருந்த கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, மறுகையை ஆட்டினாள்.